எமது கல்லூரியும் உயர்தர இரசாயனமும்

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது கல்லூரியின் விஞ்ஞானப் பிரிவு வரலாறு. அது என் கைக்கு அடங்காது. நான் மாணவியாக இருந்து படித்ததும், பின்னர் ஆசிரியையாக வந்து படிப்பித்ததும் உயர்தர இரசாயனம். அதை மட்டும் எழுதுகிறேன். பழைய சம்பவத் திரட்டுப் புத்தகங்களில் பரிசளிப்பு விழாக்களும் விளையாட்டுப் போட்டிகளும் நிறைய உண்டு. ஆய்வுகூடம் பற்றித் தேடினால் இரண்டு வரி கிடைப்பதே அருமை.

யாழ்ப்பாணத்தில் இரசாயனத்தைத் தமிழில் படிப்பது புதிதல்ல. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்ற நூல் 1875இலேயே வெளிவந்துவிட்டது. ஆனால் அவரிடம் படித்தவர்கள் ஆண்கள். பெண்கள் பாடசாலைகளுக்கு அந்தப் பாடம் வந்து சேர மிக நெடுங்காலம் எடுத்தது. எச்.எஸ்.சி. காலத்தில் வைத்தியராக விரும்பிய எமது பிள்ளை ஆண்கள் கல்லூரி ஒன்றுக்குப் போக வேண்டும். தகப்பனார் சம்மதித்தால் போனாள், இல்லாவிட்டால் கலைப்பிரிவு.

1960களில் உயர்தர விஞ்ஞானம் தாய்மொழிக்கு மாறியபோது எமக்கும் வகுப்புக் கிடைத்தது. எங்கள் ரீச்சர் தாம் முழுவதும் ஆங்கிலத்தில் படித்தவர். அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொல் தொகுதி எப்போதும் மேசையில் இருக்கும். ‘ஒட்சியேற்றம்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, “ஒக்சிடேஷன், பிள்ளையள்” என்று மெதுவாகச் சொல்லுவா. அளவி, குழாயி, நியமிப்பு, வீழ்படிவு எல்லாம் அவவும் நாங்களும் சேர்ந்தே பழகிய சொற்கள். பின்னாளில் தமிழ்நாட்டுப் பாடநூல் ஒன்று கையில் கிடைத்தபோது ஒரு பக்கத்தை விளங்க எனக்கு அரைநாள் ஆயிற்று. அதுவும் தமிழ்தான்!

நான் எழுதியது 1970ஆம் ஆண்டுப் பரீட்சை. அப்போது நான்கு பாடங்கள், மொத்தம் 400 புள்ளிகள். அடுத்த ஆண்டு மருத்துவ அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளியும் வேண்டும் என்றாயிற்று. எங்கள் வகுப்பில் இரசாயனத்தில் முதலாவதாக வந்தவள் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நின்றாள். பின்பு கணக்காளராகி நல்லபடியாகவே வாழ்ந்தாள். ஆனாலும் தன் செய்முறைக் கொப்பியை அவள் எறியவில்லை.

ஆசிரியையாகத் திரும்பி வந்தபின் நான் மிக விரும்பியது பரந்தன் பயணம். ஆனையிறவு உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் எடுத்த இரசாயனத் தொழிற்சாலை அங்கே இருந்தது. வாசலில் இறங்கும்போதே பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். பாடநூலில் ஒரு சமன்பாடாகக் கிடந்தது, தங்கள் ஊர் உப்பில் நடப்பதைக் கண்ட பிள்ளை அதை மறக்கமாட்டாள். எண்பதுகளின் நடுப்பகுதியோடு அந்தப் பயணம் நின்றுபோயிற்று.

1990இன் பின் மின்சாரம் இல்லை, எரிவாயு இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காட்டிக்குச் செவ்வரத்தம்பூச் சாறு எடுத்தோம்: அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை. கருப்பநீர் முட்டிக்கு ஏன் சுண்ணாம்பு பூசுகிறார்கள், பூசாவிட்டால் ஏன் கள்ளாகிறது என்ற கேள்வியிலிருந்து நொதித்தலைத் தொடங்கினோம். அந்த வகுப்புகளில் தூங்கியவர் எவருமில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு எல்லோரையும்போல நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்து ஆய்வுகூடத்தைத் திறந்தபோது கூரையில் பாதி இல்லை. அலுமாரியில் போத்தல்கள் பெரும்பாலும் உடையாமல் நின்றன; ஆனால் மழையும் கறையானும் லேபல்களைத் தின்றுவிட்டன. முப்பத்தொரு போத்தல்கள், எல்லாவற்றிலும் வெள்ளையாகவோ நீலமாகவோ ஏதோ ஒரு உப்பு. புதிதாக வாங்க வழியில்லை. எறிந்தால் செய்முறை வகுப்பே இல்லை.

அந்த ஆண்டு உயர்தர வகுப்பில் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். பரீட்சைக்காகப் படிக்கும் உப்புப் பகுப்பாய்வை அவர்கள் உண்மையாகவே செய்தார்கள். சுவாலைச் சோதனைக்குப் பிளாற்றினக் கம்பி இல்லை. பழைய மின்னடுப்பின் நைக்குரோம் கம்பியை வெட்டினோம். கண்ணாடியிலேயே பெயர் பொறித்திருந்த செறிந்த சல்பூரிக்கமிலப் போத்தல் ஒன்று தப்பியிருந்தது. அதைத் தொடும் வேலையை மட்டும் நான் எவரிடமும் விடவில்லை. ஐதாக்கிய அமிலத்தில் இரும்பாணிகளைக் கரைத்து, கபில வளையச் சோதனைக்கு வேண்டிய பெரசு சல்பேற்றை எடுத்தோம். வளையம் முதன்முதலில் தெரிந்தபோது ஒரு பிள்ளை, “ரீச்சர், இது புத்தகத்தில இருக்கிற மாதிரியே இருக்கு!” என்றாள். ஆப்பிள் பச்சைச் சுவாலை காட்டியது பேரியம் உப்பு. கையாலும் வாயாலும் தொடக்கூடாத சாமான் அது என்று ஒரு முழுப் பாடவேளை பேசினேன்.

இரண்டு மாதத்தில் இருபத்தெட்டுப் போத்தல்களுக்குப் பெயர் கண்டோம். எங்கள் ஆய்வுகூட உதவியாளர் அவற்றின் மேல் கடுதாசி ஒட்டி மெழுகு பூசினார். மிஞ்சிய மூன்றுக்கும் என்னிடமிருந்த முறை எதுவும் பிடிகொடுக்கவில்லை. பூட்டிய பெட்டியில் வைத்தோம்.

இந்தக் கதை சம்பவத் திரட்டில் இல்லை. அந்தப் பதினொரு பேரும் முறைவைத்து எழுதிய ஒரு கொப்பி இருந்தது: போத்தல் இலக்கம், செய்த சோதனை, கண்ட நிறம், முடிவு, எழுதியவளின் பெயர். நான் இளைப்பாறிய ஆண்டில் அது அலுமாரியில் இருந்தது, இப்போது இல்லை. அந்த வகுப்பில் நால்வர் கனடாவிலும் இருவர் லண்டனிலும் இருப்பதாக அறிகிறேன். உங்களில் எவராவது ஞாபகத்துக்காக எடுத்துப் போயிருந்தால் கோபமில்லை, பிள்ளை. ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.