நடுவே நின்றவர்: ஊவாத் தோட்டங்களிற் பெரிய கங்காணியின் அதிகாரம்

‘கங்காணி’ என்னுஞ் சொல் ‘கண்காணி’ என்பதன் திரிபு. கண்ணால் நோக்கிக் காப்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளிற் கோயிற் காரியங்களை மேற்பார்வை செய்தோர் மாகேசுவரக் கண்காணி எனக் குறிக்கப்பெற்றனர். அங்கு மதிப்புக்குரிய பொறுப்பொன்றைச் சுட்டிய அச்சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கடல் கடந்து இலங்கையின் மலைகளை அடைந்தபோது வேறொரு பொருளையும் ஏற்றது. தொழிலாளர் கூட்டத்தை ஊரிலிருந்து அழைத்து வந்தவர், அதற்குக் கடன் கொடுத்தவர், அதன் சார்பில் துரையிடம் பேசியவர், துரையின் சார்பில் அதனை அடக்கியவர், லயத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே நின்றவர் ஆகிய அனைவரும் ஒருவராகவே இருந்தார். அவரே பெரிய கங்காணி.

மலையகத்தைப் பற்றி எழுதியோருள் ஒருசாரார் கங்காணியைக் கொடுமையின் உருவமாகக் காட்டுவர். மற்றொரு சாரார் குடும்பத் தலைவரை ஒத்த காவலராகக் காட்டுவர். இரு சாராரும் அவருடைய குணத்தையே அளவுகோலாகக் கொள்கின்றனர். ஆனால் நல்லவரும் தீயவரும் மாறிமாறி அமர்ந்த ஓர் இருக்கையின் வலிமையைத் தனிமனிதரின் குணத்தைக் கொண்டு விளக்குதல் இயலாது. அவ்வலிமை எங்கிருந்து பிறந்தது, எவ்வாறு தேய்ந்தது, தேய்ந்தபின் அவ்விருக்கை வெறுமையாயிற்றா என்னும் மூன்று வினாக்களை ஊவா மாகாணத்தை முன்னிறுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தின் இயல்பைக் கருதுதல் வேண்டும். இன்று பண்டாரவளையிலிருந்து எல்ல, தெமோதர வழியாகப் பதுளை செல்லும் புகையிரதம் இயற்கை எழிலுக்குப் பெயர் பெற்றது. ஆயின் அப்பாதை பிந்தி வந்ததாகும். புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும் 1894இற் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து எல்லையைக் கடந்து பதுளையை எட்ட 1924 வரை, அதாவது முப்பது ஆண்டுகள், சென்றன. புகையிரதம் வரும்வரை எல்லப் பகுதித் தோட்டமொன்றை விட்டு நீங்க எண்ணிய தொழிலாளி கால்நடையாகவே மலைகளைக் கடக்க வேண்டியிருந்தது. கோப்பிக் காலத்தில் அரசின் கரமும் இங்கு மெலிந்தே இருந்தது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றோஜர்ஸ், பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் பணியாற்றியதோடு வீதியமைப்பையும் கவனித்த இராணுவ அதிகாரியாவார். ஊவா தனி மாகாணமாக அமைந்ததே 1886இற்றான். இத்தகைய நாட்டில், தமிழ் பேசும் தொழிலாளரை ஒவ்வொருவராக அறிந்து ஆளும் ஆற்றல் ஆங்கிலம் பேசும் அரசுக்கு இருக்கவில்லை; துரைக்கும் இருக்கவில்லை. இந்த இடைவெளியிலேயே கங்காணி கால் ஊன்றினார்.

எனினும் தூரமும் மொழியும் மட்டும் அவருடைய அதிகாரத்தை உருவாக்கவில்லை. அதற்கு ஆணிவேராக அமைந்தது சட்டம். மொறீசியஸ், திரினிடாட், பீஜி ஆகிய நாடுகளுக்கு இந்தியத் தொழிலாளர் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தஞ் செய்து அனுப்பப்பட்டனர். இலங்கையில் அம்முறை வழக்கில் இல்லை; இங்கு மாத ஒப்பந்தமே நிலவியது. இதனைக் காட்டி, இலங்கைத் தோட்டத் தொழிலாளி சுதந்திரமானவன் எனத் தோட்ட முதலாளிமார் வாதிட்டனர். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு எவரும் வேலையை விட்டுச் செல்லலாம் என்பது ஏட்டளவில் உண்மையே. ஆனால் முன்னறிவித்தலின்றி நீங்குதல் குற்றமாக இருந்தது. 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், அதன்பின் வந்த 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வேலை ஒப்பந்தத்தை மீறுவதைக் குடியியல் வழக்காகக் கருதவில்லை. குற்றவியல் வழக்காகவே கருதின. தப்பியோடியவனுக்கு மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். ஒருவரிடம் வேலை செய்பவனை இன்னொருவர் கவர்ந்து செல்வதும் குற்றமே. நீதிமன்றமும் சிறைச்சாலையும் அமைந்த பதுளைப் பட்டினம், சூழவிருந்த தோட்டத்தாருக்குச் சந்தை கூடும் ஊராக மட்டும் விளங்கவில்லை. தவறினாற் கொண்டு செல்லப்படும் ஊராகவும் விளங்கிற்று.

சட்டம் போட்ட இந்த வேலிக்குள்ளே கடன் இரண்டாவது வேலியாயிற்று. தமிழகத்துக் கிராமத்திலிருந்து புறப்படும்போதே தொழிலாளியின் பெயரிற் கடன் தொடங்கிவிடும். முற்பணம், வழிச்செலவு, வழியில் உண்ட உணவு, தோட்டத்தை அடைந்தபின் வாங்கிய கம்பளி, அரிசி ஆகியவை யாவும் கணக்கில் ஏறின. தோட்டம் முற்பணத்தைப் பெரிய கங்காணியிடம் கொடுத்தது. அவர் சில்லறைக் கங்காணிமாரிடம் பகிர்ந்தார். அவர்கள் வழியே அது உறவினரும் ஊரவருமான சிறு கூட்டங்களைச் சென்றடைந்தது. கூலியும் நெடுங்காலம் இதே வழியாகவே வந்தது. கணக்கை வைத்திருந்தவர் கங்காணி. கையெழுத்தறியாத தொழிலாளி அதனைச் சரிபார்க்க வழியில்லை.

இவற்றோடு ‘துண்டு’ முறையும் சேர்ந்தது. ஒரு கங்காணி தம் கூட்டத்துடன் வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், இவ்வளவு பணத்தைச் செலுத்தினால் இவரையும் இவருடைய ஆட்களையும் விடுவிப்பேன் எனத் துரை ஒரு கடிதத் துண்டில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டத் துரை அப்பணத்தைச் செலுத்திக் கூட்டத்தைப் பெற்றுக்கொள்வார். பழைய கடன் தீர்வதில்லை. புதிய ஏட்டுக்கு மாறியது. பெரும்பாலும் கங்காணி மேலும் முற்பணம் கேட்டுப் பெறுவாராதலின் அது வளர்ந்தே சென்றது. கோப்பிச் செடி 1869 முதல் இலைநோயால் அழியத் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகாலத்தில் ஆட்கள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆட்கள் வேண்டும். ஆட்களுக்கான போட்டி மிக, துண்டிற் குறித்த தொகையும் மிகுந்தது.

இந்நிலையிற் பெரிய கங்காணி எவ்வாறு மூன்று திசைகளிலும் பேசினார் என்பது நோக்கற்பாலது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாள் வீதம் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே காலைப் பிரட்டில் ஆள் குறையாதிருப்பது துரைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அவருக்குந் தேவை. துரையிடம் அவர் வைத்திருந்த துருப்பு, கூட்டத்தோடு வெளியேறிவிடுவேன் என்பது. கூட்டத்திடம் அவர் வைத்திருந்த துருப்பு, துரையிடம் சொல்லிவிடுவேன், பொலிசில் முறையிட்டுப் பிடியாணை பெறச் செய்வேன் என்பது. பொலிசாருக்கும் அவர் இன்றியமையாதவர். ஒரே பெயருடைய பலருள் ஓடியவன் எவன், அவனுடைய ஊர் எது, எத்தோட்டத்தில் அவனுக்கு உறவினர் உளர் என்பனவற்றை அறிந்தவர் அவரே.

இங்கு ஒன்றைக் கூர்ந்து கவனித்தல் வேண்டும். சிறையில் அடைபட்ட தொழிலாளி கொழுந்து பறிப்பதில்லை. ஆதலின் துரைக்கு நட்டம. அவனுக்குரிய தலைக்காசு நின்றுவிடும், கடனும் அடைபடாது, ஆதலிற் கங்காணிக்கும் நட்டம். அதுபோலவே கூட்டம் உண்மையில் வெளியேறினால் துரைக்கு ஏற்படும் இழப்பு பெரிது. ஆனால் புதிய இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய தொல்லை கங்காணிக்கும் உண்டு. எனவே இரு அச்சுறுத்தல்களும் நிறைவேறாதிருக்கும்வரைதான் அவருக்குப் பயன் தந்தன. வழக்குக்கு முன்பே சமாதானம் செய்து வைப்பதும், கோபமுற்ற துரையை ஆற்றுவதும், ஓடியவனை அழைத்து வந்து மீண்டும் பிரட்டில் நிறுத்துவதும் அவருக்கு நன்மை பயந்தன. தொழிலாளியின் கண்ணில் அது இரக்கமாகத் தோன்றியிருக்கலாம். சில வேளைகளில் இரக்கமாகவே இருந்துமிருக்கலாம். ஆயின் சிறை என்னும் அச்சம் இல்லாதிருப்பின் அந்த இரக்கத்துக்கு விலை இருந்திராது. கங்காணியின் அதிகாரத்துக்குச் சிறையைக் காட்டிலுஞ் சிறையின் நிழலே கூடுதலாக உதவிற்று எனலாம்.

அதிகாரத்தின் வேர் சட்டத்தில் இருந்தது என்பதற்கு, சட்டம் மாறியபோது அது தேய்ந்தமையே சான்றாகும். 1904இல் இலங்கைத் தோட்ட முதலாளிமார் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆட்சேர்ப்பு நிலையம் ஒன்றை நிறுவினர். கங்காணியை முற்றாக நம்பியிருக்க அவர்களே விரும்பவில்லை என்பது இதனாற் புலனாகும். 1909ஆம் ஆண்டுச் சட்டம் கூலியைத் தொழிலாளியின் கையிலேயே கொடுக்குமாறு பணித்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலனுக்கெனச் சங்கம் அமைத்துத் தண்டனைச் சட்டத்தை எதிர்த்துப் போராடினார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அக்காலத்தையொட்டியே வேலை ஒப்பந்த மீறலுக்குச் சிறையிடும் விதிகளும் நீங்கின. 1927இற் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1939இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. புதிய ஆட்களைக் கொண்டுவரும் வழி அடைபட்டதும், ஆட்சேர்ப்பவர் என்ற வகையிற் கங்காணிக்கு இருந்த இறுதிப் பிடியும் தளர்ந்தது.

ஆனால் வேலி முழுவதும் சாய்ந்துவிடவில்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை இழந்தவன் வீட்டையும் இழந்தான். பற்றுச்சீட்டுக் கொடுத்து ஒருவரை வெளியேற்றுவது துரையின் கையிலேயே இருந்தது. அத்துமீறல் சட்டத்தைக் காட்டி வெளியாரைத் தோட்டத்துள் நுழையவிடாது தடுத்தனர். 1931இல் அட்டனில் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடக்கிய கோ. நடேசையர் இத்தடைகளை எதிர்த்தே இயங்க வேண்டியிருந்தது.

1940ஆம் ஆண்டு ஊவாவில் நிகழ்ந்தவை இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். அவ்வாண்டு சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னுந் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். வேலைநிறுத்த அலை மலைநாடெங்கும் பரவி ஊவாவை அடைந்தது. மே மாதம் 12ஆம் நாள் பதுளையிற் பெருங்கூட்டமொன்றிற் சமசமாஜக் கட்சித் தலைவர் என். எம். பெரேரா உரையாற்றினார், பொலிசார் தடுக்க இயலாது நின்றனர். வெவெஸ்ஸத் தோட்டத்திலோ தொழிலாளர் தமக்குள்ளே வாக்களித்து ஒரு சபையைத் தெரிவு செய்தனர். அச்சபையைக் கலந்தே கருமமாற்றுவதாகத் தோட்டத்துரை உடன்பட்டார். ஒழுங்கை நிலைநாட்டவென ஆயுதந் தாங்கிச் சென்ற பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர்.

பொலிசாரின் ஆயுதம் பறிக்கப்பட்டதே பலர் கருத்தைக் கவரும். ஆயினும் அதனினும் ஆழமான மாற்றம் சபையின் தோற்றத்தில் இருக்கிறது. நூறாண்டுக் காலம் துரையும் தொழிலாளியும் மூன்றாமவர் ஒருவர் வாயிலாகவே பேசி வந்தனர். வெவெஸ்ஸவில் அவர்கள் நேராகப் பேசினர். அந்நாட்களில் நடுவே நிற்பவருக்கு அங்கு வேலை இருக்கவில்லை. அது நீடிக்கவில்லை என்பதும் உண்மை. ஊவாவைப் பிற பகுதிகளினின்றும் ஒரு வாரத்துக்கு மேலாகத் துண்டித்த வெள்ளமும், பொலிசாரின் கடும் அடக்குமுறையும் சேர்ந்து அவ்வெழுச்சியை ஒடுக்கின. ஆயினும் அதே ஆண்டில் முதலாளிமாருக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஏழு அம்ச உடன்படிக்கை ஏற்பட்டது. தொழிலாளர் சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமை அதனால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அவ்வாறாயின் கங்காணியின் இருக்கை வெறுமையாயிற்றா? சங்கத் தலைவரைக் கங்காணியோடு ஒன்றாக வைத்தெண்ணுதல் நியாயமன்று. கங்காணி கடனால் ஆட்களைப் பிணித்தார். சங்கத்தை விட்டு உறுப்பினர் விலகலாம். கங்காணிக்கு வருவாய் துரையிடமிருந்து வந்தது. சங்கத்துக்குச் சந்தா தொழிலாளியிடமிருந்து வருகிறது. இவ்வேறுபாடு பெரிது. எனினும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மற்றொரு வேலியை எழுப்பியது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது; பதுளையில் எஸ். எம். சுப்பையா தெரிவாகியிருந்தார். அடுத்து வந்த சட்டங்களால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் குடியுரிமையோடு வாக்குரிமையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. விண்ணப்பப் படிவம், சான்றிதழ், அலுவலகம், பொலிஸ் நிலையம் ஆகிய ஒவ்வொன்றின் வாசலிலும் தமக்காகப் பேச ஒருவரைத் தேடும் நிலைக்கு மக்கள் மீண்டுந் தள்ளப்பட்டனர். எஞ்சியோரின் குடியுரிமைக் குறையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

இதுகாறுங் கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். இடைநின்று அதிகாரஞ் செலுத்துவோர் தோன்றுவதற்கு மக்களின் அறியாமையே காரணம் எனப் பலர் கூறுவர். ஊவாவின் வரலாறு அதற்கு மாறானதைக் காட்டுகிறது. சட்டம் வெளியேறும் வழியை அடைத்தபோது வாசலில் நிற்பவர் வலிமை பெற்றார். அவ்வழி சிறிது திறந்தபோது அவர் மெலிந்தார். வேறொரு சட்டம் மற்றொரு வாசலை மூடியபோது அங்கும் ஒருவர் தேவைப்பட்டார். எழுத்தறியாத தொழிலாளரும் 1940இல் வெவெஸ்ஸவில் தமக்கென ஒரு சபையைத் தாமே தெரிவு செய்து பேசினர் என்பதை மறத்தலாகாது.

இன்று தோட்டங்களிற் கங்காணி என்பது கொழுந்து மலையில் வேலையை மேற்பார்வை செய்பவரின் பெயராகச் சுருங்கிவிட்டது. சொல் தன் பழைய பொருளுக்கே திரும்பிவிட்டது எனலாம். ஆனால் லயத்து அறையின் உரிமை இன்னும் பலருக்குக் கைகூடவில்லை. வீடும் நிலமும் தமதாகாதவரை, நடுவே நிற்பவர் ஒருவரின் தயவை நாடும் தேவையும் முற்றாக நீங்காது. மலையக வரலாற்றைப் பயிலும் மாணவர் நடுவே நிற்பவர் நல்லவரா தீயவரா என்பதோடு அமையாது, அவரை அங்கு நிறுத்திய வாசல் யாரால் மூடப்பட்டது என்றும் வினவுதல் வேண்டும்.