சருகின் கணக்கு

ஜெர்மனியில் சாக்ஸனிப் பகுதியின் தென்கோடியில் ஒரு மலைத்தொடர் உண்டு. அதன் பெயருக்கே தாது மலை என்றுதான் அர்த்தம். அங்கே வெள்ளி கிடைத்தது. சுரங்கத்துக்கு முட்டுக்கட்டை வேண்டும். தாதுவை உருக்கக் கரி வேண்டும். இரண்டுக்கும் மரம்தான். ஆகவே மலைமேலிருந்த காடு கொஞ்சங் கொஞ்சமாய்ச் சுரங்கத்துக்கே இரையாயிற்று.

ஃப்ரைபெர்க் நகரில் சுரங்க அதிகாரியாக இருந்த கார்லோவிட்ஸ் என்பவரை இந்தக் கவலை பிடித்துக்கொண்டது. 1713-இல் ஒரு நூல் எழுதினார். வளரும் அளவுக்கு மேல் வெட்டாதே, வெட்டிய இடத்தில் நடு என்பது அதன் சாரம். நல்ல யோசனைதான். பின்னால் வந்தவர்கள் நடவும் செய்தார்கள். ஆனால் எதை நட்டார்கள்? பழைய காட்டில் பீச், ஃபர், ஸ்ப்ரூஸ் மூன்றும் கலந்திருந்தன. சீக்கிரம் வளரும், நேராக நிற்கும், நல்ல விலை போகும் என்று 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் ஸ்ப்ரூஸையே வரிசை வரிசையாய் வைத்தார்கள். கணக்குப் புத்தகத்தில் லாபம் ஏறியது. மண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தவர் டென்மார்க்கில் முல்லர் என்ற வன அதிகாரி. டார்வின் 1881-இல் மண்புழுவைப் பற்றிப் புத்தகம் போடுவதற்கு முன்பே, 1878-இல், காட்டு மட்கில் இரண்டு ஜாதி என்று அவர் எழுதினார். ஒன்றில் மண்புழு சருகைத் தின்று மண்ணோடு பிசைந்துவிடும். மண் கறுத்துப் பொலபொலவென்று இருக்கும். மற்றதில் புழுவுக்கு இடமில்லை. பூஞ்சைக்காளான் மெல்ல அரிக்க, சருகு ஜமக்காளம் மாதிரி மண்மேல் படிந்து கிடக்கும். ஒரே பீச் காட்டில் இரண்டையும் அவர் கண்டார். ஆகவே மரம் மட்டுமே காரணமல்ல. ஆனாலும் மரத்தின் பங்கு பெரிது. லிண்டன், மேப்பிள் இலைகளில் சுண்ணாம்புச் சத்து அதிகம், புழுவுக்கு விருந்து. ஸ்ப்ரூஸின் ஊசியிலை லேசில் மட்காது. அதிலிருந்து கசியும் அமிலம் மழைநீரோடு இறங்கி, இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். மேலே சாம்பல் நிற மண் மிஞ்சும்.

1923-இல் வீடெமான் என்ற ஆராய்ச்சியாளர், சாக்ஸனியில் ஸ்ப்ரூஸ் காடுகள் வளர்ச்சி குன்றி நிற்பதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். வறட்சியும் ஒரு காரணம்; கெட்டுப்போன மண்ணும் அந்த வழக்கில் சாட்சிக் கூண்டேறியது.

இன்று அந்த மலையில் ஸ்ப்ரூஸுக்கு நடுவே பீச்சையும் ஃபரையும் மறுபடி நடுகிறார்கள். கார்லோவிட்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரத்தை எண்ணக் கற்றுக் கொடுத்தவர் அவர். அவர் பேரைச் சொல்லி நட்டவர்களும் தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். காலடியில் கிடந்த சருகை ஒருதரம் குனிந்து பார்த்திருக்கலாம், அவ்வளவுதான்.