பிரேக் யார் காலில்?

போன மாசம் ஒரு ராத்திரி பாகலூரிலிருந்து பேரிகைக்கு வந்துகொண்டிருந்தேன். எதிர் லாரியின் வெளிச்சம் விலகியதும், முன்னால் ஒருத்தர் எக்ஸ்எல் வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறார், பின்னால் கோஸ் மூட்டை. வண்டியா, மூட்டையா, ஆளா என்று புரிவதற்கு முன்னாடியே என் கால் பிரேக்கில் இருந்தது.

வீட்டுக்கு வந்து டெம்பி விபத்து அறிக்கையை மறுபடி எடுத்தேன். அதுக்கு முன்னால் ஒரு சின்ன முன்கதை.

கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் பிஇ முடித்த ராஜ் ரெட்டிதான், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1979-ல் தொடங்கிய ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தின் முதல் இயக்குநர். அங்கே உருவான நேவ்லேப் 5 என்ற வண்டி 1995-ல் பிட்ஸ்பர்கிலிருந்து சான் டியாகோ வரை ஓடியது. வழியில் 98 சதவீதம் ஸ்டீயரிங்கைப் பிடித்தது கம்ப்யூட்டர். ஆனால் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் மனுஷன் காலில்தான் இருந்தன. இந்தச் சாதனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் இந்த விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்.

2015-ல் அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் பலரை ஊபர் மொத்தமாகத் தன் பக்கம் இழுத்தது. 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பியில், ஊபரின் சோதனைக் கார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது.

கார் அவரைப் பார்க்காமல் இல்லை. 5.6 வினாடிக்கு முன்பே பார்த்துவிட்டது. அந்த வேகத்தில் அது 100 மீட்டருக்கும் மேல். முதலில் வாகனம் என்றது, அப்புறம் 'வேறு ஏதோ', அப்புறம் சைக்கிள். பெயர் மாறும் ஒவ்வொரு தடவையும் அதுவரை அவர் நகர்ந்த பாதையை மறந்துவிட்டுப் புதுசாகக் கணக்குப் போட்டது. கிராசிங் இல்லாத இடத்தில் ஆள் கடப்பார் என்பதே அந்த மென்பொருளில் இல்லை. (பேரிகை சந்தையன்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.) மோதல் நிச்சயம் என்று 1.2 வினாடி இருக்கும்போது தெரிந்தது. உடனே பிரேக் போட்டதா? இல்லை. தப்பு எச்சரிக்கைக்கெல்லாம் வண்டி குலுங்கி நிற்கக்கூடாது என்று, ஒரு வினாடி சும்மா இருக்கும்படி எழுதி வைத்திருந்தார்கள். வால்வோ காரோடு வந்த தானியங்கி பிரேக்கையும் அணைத்து வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு சீட்டில் இருக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. அவரோ போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வினாடி எனக்குப் புதுசு இல்லை. ஓசூரில் ஒரு ஆலையின் கன்வேயருக்கு நானே அப்படி ஒரு தாமதம் எழுதியிருக்கிறேன். சென்சார் சும்மா சும்மா லைனை நிறுத்துகிறது என்று ஷிப்ட் சூப்பர்வைசர் கத்தினார்; 800 மில்லிசெகண்ட் போட்டேன், எல்லாருக்கும் சந்தோஷம். அங்கே நசுங்கியது சில அட்டைப்பெட்டிகள்தான்.

2023 அக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோ. வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண் க்ரூஸ் டாக்ஸியின் முன் விழுந்தார். அது பிரேக் போட்டது, மோதி நின்றது. பிறகு ஓரங்கட்டுவதற்காக மறுபடி நகர்ந்து, அடியில் சிக்கியவரைச் சுமார் 20 அடி இழுத்துப்போனது. மூன்று வாரத்தில் கலிஃபோர்னியா அனுமதியை நிறுத்தியது. 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோ டாக்ஸியையே கைவிட்டது. வேமோ மட்டும் பீனிக்ஸில் 2020 முதல் ஆளில்லாமல் பொதுமக்களை ஏற்றுகிறது. காயம்பட்ட விபத்துகள் மனுஷ ஓட்டுநர்களைவிடக் குறைவு என்று கணக்கும் காட்டுகிறது. அதை நான் ஒதுக்கமாட்டேன். இந்தியாவில் 2022-ல் மட்டும் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர், எல்லாம் மனுஷன் கால் பிரேக்கில் இருந்தபோதே.

நிதின் கட்கரி 2017-லும் 2023-லும் ஓட்டுநர் இல்லாத காருக்கு அனுமதி இல்லை என்றார். அவர் முக்கியமாகச் சொன்ன காரணம் வேலை போகும் என்பது. எங்கள் தெருவில் பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி ஓட்டும் பையனிடம் இதைச் சொன்னேன். அவன் வேலையைப் பற்றிப் பேசவில்லை. "சீட்ல ஆளே இல்லன்னா கேஸ் யார் மேலண்ணா போடுவாங்க?" என்றான்.

டெம்பியில் ஊபர் மேல் குற்ற வழக்கு வரவில்லை. சீட்டில் இருந்தவர் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். க்ரூஸ் காரில் ஆள் இல்லை. 2024 நவம்பரில் அந்தக் கம்பெனி மத்திய அரசின் குற்ற வழக்கில் 5 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கொண்டது. அது இழுத்துப்போனதற்காக இல்லை. அறிக்கையில் அதை எழுதாமல் விட்டதற்காக.