குமாஸ்தா வேலைக்கு ஏன் பரீட்சை வந்தது?

குரூப் ஃபோர் என்றால் என்னவென்று பரமத்தி வேலூரில் இன்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர் வீட்டிலும், வாழைத்தார் ஏலத்துக்குப் போகிறவர் வீட்டிலும் யாராவது ஒரு பிள்ளை அதற்குப் படித்துக்கொண்டிருக்கிறது. இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் என்று பல பதவிகளுக்கும் சேர்த்து ஒரே பரீட்சை. 2025 ஜூலை 12-ஆம் தேதி நடந்த தேர்வுக்கு அறிவித்தது 3,935 இடங்கள்; விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 13 லட்சத்து 89 ஆயிரம் பேர். ஓர் இடத்துக்கு 350 பேருக்கு மேல் வருகிறது.

இந்தக் கணக்கைச் சொல்லி, "இத்தனை பிள்ளைகளைப் படுத்துவதற்குப் பதிலாக, அந்தக் காலம் மாதிரி தெரிந்த குடும்பத்துப் பையன்களை எடுத்துக்கொண்டு போகலாமே" என்றார் என் வயதுக்காரர் ஒருவர். குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் காலம் எப்படி இருந்தது என்று நான் கொஞ்சம் சொல்லலாம்.

நமக்குப் பக்கத்து ஊர் மோகனூர். அங்கே 1888-ல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, பாட்டாலும் படத்தாலும் பெயர் பெறுவதற்கு முன், நாமக்கல் தாலுகா கச்சேரியில் சில காலம் குமாஸ்தாவாக இருந்தவர். மனம் ஒட்டாமல் பள்ளி ஆசிரியராகப் போய்விட்டார். அன்றைக்குத் தேர்வாணையம் என்று ஒன்று கிடையாது. கச்சேரி வேலைக்கு ஆள் எடுப்பது அந்தந்த அதிகாரி கையில் இருந்தது. காலியிடம் இருக்கிறது என்பதே கச்சேரிக்கு உள்ளே இருப்பவர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும்தான் முதலில் தெரியும். கவிஞரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த நாளில் எல்லோருக்கும் வழி அதுதான். பின்னாளில் சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கே 'நாமக்கல் கவிஞர் மாளிகை' என்று பெயர் வைத்தார்கள். குமாஸ்தா வேலையை உதறிய மனிதர் பெயரில் அத்தனை குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

மாற்றம் 1920-களில் தொடங்கியது. நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் முதன்மை அமைச்சராக இருந்தபோது, 1924-ல் ஊழியர் தேர்வு வாரியம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அடுத்து வந்தவர் நம் பக்கத்துக்காரர்: திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். 1926 டிசம்பரிலிருந்து 1930 வரை அவர் முதன்மை அமைச்சர். அவர் காலத்தில்தான் 1929-ல் சென்னைப் பணியாளர் தேர்வாணையச் சட்டம் நிறைவேறியது. ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள். இந்தியாவின் மாகாணங்களிலேயே முதன்முதலில் வந்த தேர்வாணையம் அதுதான். அதே அமைச்சரவையில் இருந்த எஸ். முத்தையா முதலியார்தான் வகுப்புவாரி உத்தரவை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். பன்னிரண்டு இடங்கள் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்ற பங்கீடு. இந்தப் பங்கீட்டைப் பற்றி அன்றும் சண்டை, இன்றும் சண்டை. ஆனால் காலியிடத்தை எண்ணி, வெளியில் அறிவித்து, இன்னின்னாருக்கு இத்தனை என்று கணக்குக் காட்டியே ஆக வேண்டும் என்ற நிலை அப்போதுதான் வந்தது. சிரஸ்தாரின் மருமகனுக்கு வந்த முதல் இடைஞ்சல் அது. 1937-ல் அது சென்னைப் பொதுத் தேர்வாணையம் ஆனது. மாநிலத்தின் பெயர் மாறிய பிறகு, 1970-ல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1789-ஆம் ஆண்டு மனித உரிமை அறிக்கையின் ஆறாவது விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அரசுப் பதவி எல்லாக் குடிமக்களுக்கும் திறந்தது, தகுதியைத் தவிர வேறு வேற்றுமை பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த பிரான்சிலேயே, 'கொன்கூர்' என்கிற போட்டித் தேர்வை அரசுப் பணிக்குப் பொது விதியாக வைத்த சட்டம் 1946 அக்டோபரில்தான் வந்தது. இங்கிலாந்தில் சிபாரிசை ஒழித்துப் பரீட்சை வைக்கச் சொன்ன நார்த்கோட் டிரெவெல்யன் அறிக்கை 1854-ல் வெளிவந்தது. சீனர்கள் இவர்களுக்கெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பரீட்சை வைத்து, 1905-ல் அதை நிறுத்தியும் விட்டார்கள். 1929-ல் சென்னை மாகாணம் செய்தது அப்படி ஒன்றும் பிந்திய காரியம் அல்ல.

அப்பா இறந்த பிறகு அம்மா எங்களை அழைத்துக்கொண்டு வேலூரில் என் தாய்மாமன் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் விண்ணப்பித்தது எழுபதுகளின் தொடக்கத்தில். அப்போது நாமக்கல் தனி மாவட்டம் இல்லை; 1997-ல்தான் பிரிந்தது. எதற்கும் சேலம் போக வேண்டும். விண்ணப்பம் என்றால் இன்றைக்குப் போலக் கணினி மையத்தில் பத்து நிமிஷ வேலை அல்ல. ஜெராக்ஸ் கிடையாது. சான்றிதழை டைப் அடித்து, 'உண்மை நகல்' என்று எழுதி, கெஜட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்க வேண்டும். என் சான்றிதழோ பிரெஞ்சில் 'ப்ரெவே'. ஓர் அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்றே எனக்குத் தெரியாது, நகல் சரி என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். மாமாவிடம் பஸ் சார்ஜுக்குப் பணம் வாங்கிக்கொண்டு புதுச்சேரி போய், மொழிபெயர்ப்பும் எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம் என்ற சான்றும் வாங்கி வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அடுத்த அறிவிப்புக்குக் காத்திருந்தேன். அந்த நாட்களில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனேன். பிரெஞ்சு மிஷினில் 'ஏ' இருக்கும் இடத்தில் இங்கே 'க்யூ' இருக்கும். விரல் பழக்கம் மாறவே மூன்று மாதம் ஆயிற்று.

படிப்பதற்கு வழிகாட்டிப் புத்தகங்கள் அதிகம் இல்லை. கிளை நூலகத்துப் பத்திரிகைகளும், மாமா மகனுடைய பள்ளிப் பாடப் புத்தகங்களும்தான். ஆங்கிலத்தில் எழுதித் தேறினேன். ஊரில் எனக்கு ஒரு கிளார்க்கைக்கூடத் தெரியாது. பள்ளிப் படிப்போ அடுத்த ஊரில், அடுத்த மொழியில். என்னிடம் இருந்தது ஒரு பதிவெண் மட்டும்.

தேறியதோடு முடியவில்லை. பள்ளியில் தமிழ் வழியில் படிக்காதவன் என்பதால், குறித்த காலத்துக்குள் தேர்வாணையம் நடத்தும் இரண்டாம் நிலைத் தமிழ் மொழித் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் வேலை நிலைக்காது. வீட்டில் தமிழ்தான் பேசினோம். ஆனால் ஒரு மனுவைப் படித்து, ந.க. எண் போட்டு, தன் பதிவேட்டில் பதிந்து, குறிப்பு எழுதுகிற தமிழ் வேறு. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவை பெரும்பாலும் மனுக்கள்தான். ஜேடர்பாளையத்திலிருந்தும் பாண்டமங்கலத்திலிருந்தும் வந்த காகிதங்களில் ராஜவாய்க்கால் தண்ணீர்த் தகராறு, வரப்புத் தகராறு, முதியோர் உதவித்தொகை என்று எத்தனையோ. எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டிலும் தேறிய பிறகுதான் இரவில் ஒழுங்காகத் தூங்கினேன்.

இதற்கு நடுவே பின்வாசல் ஒன்றும் இருந்தது. பொது விதி 10(அ)(1)-ன் கீழ் வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் தற்காலிகமாக ஆள் எடுப்பார்கள். பதிவு மூப்புப்படி வந்தவர்கள், சிபாரிசுக்காரர்கள் அல்ல. ஆனால் 'தற்காலிகம்' பல வருஷம் நீளும். சம்பள உயர்வு கிடையாது, எப்போது வெளியே அனுப்புவார்களோ என்ற பயம் வேறு. பிறகு அவர்களுக்கென்று தனித் தேர்வு வைத்து நிரந்தரம் ஆக்கினார்கள். என் பக்கத்து மேஜைக்காரர் அப்படி நிரந்தரமானவர். உத்தரவு வந்த அன்று எங்கள் எல்லோருக்கும் அவர் செலவில் பஜ்ஜி.

பரீட்சையின் உண்மையான சோதனை ஊர்க் கணக்கில்தான் நடந்தது. கணக்குப்பிள்ளை, மணியக்காரர் வேலைகள் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருந்தன. 1895-ஆம் ஆண்டுச் சட்டமே வாரிசு உரிமையை ஒப்புக்கொண்டது. அந்தச் சட்டத்தின் வாரிசு விதி செல்லாது என்று, ஆந்திராவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் சொன்னது. அப்போதும் நடைமுறை லேசில் மாறவில்லை. அடங்கலும் சிட்டாவும் கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் இருக்கும். பட்டா மாற வேண்டுமென்றால் அவர் வீட்டுத் திண்ணையில்தான் நிற்க வேண்டும், அதிலும் எல்லோரையும் திண்ணையில் ஏற விடமாட்டார்கள். 1980 நவம்பர் 14-ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. 1982-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. முறையாகக் கணக்கு வைத்திருந்த நல்லவர்கள் சிலரும் அதில் அடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் பதிவேடுகளை ஒப்படைத்துவிட்டுக் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த உத்தரவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு பரீட்சை எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்களில், தங்கள் பாட்டன் அந்தத் திண்ணைக்குக் கீழே நின்ற குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. 'தெரிந்த குடும்பத்துப் பையன்' என்று சொல்லும் நண்பருக்கு இதைத்தான் சொன்னேன்.

அதற்காக இன்றைய நிலையைப் புகழ வரவில்லை. 2001 இறுதியிலிருந்து ஐந்து வருஷம் புதிய ஆள் எடுப்புக்கே தடை, 2006-ல்தான் நீங்கியது. அந்த ஐந்து வருஷத்தில் வயது கடந்தவர்களுக்கு எந்தப் பரீட்சையும் நியாயம் செய்யவில்லை. 2022-ல் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பரீட்சையால் இருக்கிற இடத்தை ஒழுங்காகப் பங்கிடத்தான் முடியும், இல்லாத இடத்தை உண்டாக்க முடியாது. அதைக் கேட்க வேண்டிய இடம் தேர்வாணையம் அல்ல, கோட்டை.

இன்னொன்று. 2021 டிசம்பரில் வந்த உத்தரவுப்படி தமிழ்த் தாளில் நூற்றுக்கு நாற்பது எடுத்தால்தான் மற்ற விடைத்தாளையே பார்ப்பார்கள். குரூப் ஃபோரில் இருநூறு கேள்வியில் நூறு தமிழ். மனுக்கொடுக்க வருகிறவர் மொழி தெரியாதவர் அந்த நாற்காலியில் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1970-களில் இந்த விதி இருந்திருந்தால் நான் வாசலோடு போயிருப்பேன். முதலில் உள்ளே விட்டு, தவணை கொடுத்துக் கற்றுக்கொள்ளச் சொன்ன பழைய விதியே எனக்குப் பிடிக்கிறது. சுயநலம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

எங்கள் தெருவில் ஒரு பெண், பட்டதாரி, மூன்றாவது முறையாக எழுதியிருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகங்கள் அவருக்கு வரி வரியாகத் தெரியும். நாமக்கல் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்ட வகுப்புக்குப் பஸ்ஸில் போய் வருகிறார். சென்ற வாரம் என்னிடம் வந்து, "தாத்தா, பழைய கேள்வித்தாள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். என்னிடம் இல்லை. பச்சை மையில் கையெழுத்து வாங்கிய அந்த உண்மை நகல் ஒன்று மட்டும் இருந்தது. அதைக் காட்டினேன். பிரெஞ்சு எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, "இதையும் ஏற்றுக்கொண்டார்களா!" என்றார்.