கல்லீரலைத் தாக்கும் சொந்தப் படை: ஒரு ரத்தப் பரிசோதனையின் வரலாறு

மஞ்சள் காமாலை என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருபவை கெட்ட தண்ணீர், குடிப்பழக்கம், கீழாநெல்லி. ஆனால் குடிக்காதவருக்கும், வைரஸ் தொற்றாதவருக்கும் கூட கல்லீரல் கெடுவதுண்டு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய் அது. இதை மருத்துவ உலகம் எப்படிக் கண்டறிந்தது?

1950-ல் சுவீடன் மருத்துவர் வால்டன்ஸ்ட்ரோம், இளம்பெண்களிடம் கண்ட ஒருவகை நீடித்த கல்லீரல் அழற்சியை விவரித்தார். 1955-ல் ஆஸ்திரேலியாவில், இத்தகைய நோயாளிகளின் ரத்தத்தில் லூபஸ் நோய்க்குரிய எல்.ஈ. செல்கள் தென்பட்டன. செல்லின் உட்கருவுக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது என்பதற்கு அது அடையாளம். மறு ஆண்டு மெல்போர்னின் இயன் மெக்கே குழுவினர் இந்நோய்க்கு 'லூபாய்டு ஹெபடைடிஸ்' என்று பெயரிட்டனர்.

1965 ஒரு திருப்புமுனை. லண்டனில் டெபோரா டோனியாக், ஷீலா ஷெர்லாக் உள்ளிட்டோர், பித்தநாளங்களை அழிக்கும் பி.பி.சி. என்ற நோயில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டனர். அதுவரை பித்தக்குழாயில் அடைப்பா என்று அறிய வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருந்த பலருக்கு, ஒரு ரத்தப் பரிசோதனை வழிகாட்டியது. அதே ஆண்டு மென்தசைக்கு எதிரான எதிர்ப்பொருளும் அறியப்பட்டது. 1973-ல் ரிசெட்டோ குழுவினர் எல்.கே.எம். என்ற இன்னொன்றைச் சேர்த்தனர். இது பெரும்பாலும் குழந்தைகளிடம் காணப்படுவது.

பெயர்கள் கூடியதால் நோயாளிக்கு என்ன பயன்? 1971-ல் ஷெர்லாக் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நீடித்த கல்லீரல் அழற்சி உள்ளவர்களில் பிரெட்னிசோலோன் பெற்ற 22 பேரில் 3 பேர் இறந்தனர். பெறாத 27 பேரில் 15 பேர் இறந்தனர். உட்கரு, மென்தசை எதிர்ப்பொருள்கள் இருந்தால் இத்தகைய ஸ்டீராய்டு சிகிச்சை பலன் தரக்கூடும். மைட்டோகாண்ட்ரியா எதிர்ப்பொருள் என்றால் பொதுவாக அர்சோடியாக்சிகோலிக் அமிலமே முதல் மருந்து. எந்த எதிர்ப்பொருள் என்பது எந்த மருந்து என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த எதிர்ப்பொருள்கள் குறைந்த அளவில் ஆரோக்கியமானவர்களிடமும், ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடமும் இருக்கலாம். அதனால்தான் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியைக் கண்டறிய 2008-ல் வகுத்த எளிய விதிமுறை, எதிர்ப்பொருளோடு ஐ.ஜி.ஜி. அளவு, கல்லீரல் திசுப் பரிசோதனை, வைரஸ் இல்லை என்ற உறுதி ஆகியவற்றையும் கேட்கிறது. எதிர்ப்பொருள் ஒரு சாட்சி மட்டுமே. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.