மூன்று முறை கதவு திறந்த பள்ளி

1933 ஏப்ரல். பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றிலும் நாஜிகளின் ஸ்வஸ்திகா கொடி பறக்க வேண்டும் என்று ஜெர்மனியில் உத்தரவு வந்தது. ஊல்ம் நகருக்கு அருகே ஹெர்லிங்கனில் விடுதிப் பள்ளி நடத்திவந்த அன்னா எஸ்ஸிங்கர் அன்று பிள்ளைகள் எல்லோரையும் நாள் முழுக்கச் சுற்றுலா கூட்டிப்போய்விட்டார். ஆளில்லாத கட்டடத்தின் மேல் கொடி தனியே பறந்தது.

அன்னா 1879இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்தபோது குவாக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் தொண்டில் ஈடுபாடு கொண்டார். முதல் உலகப் போர் முடிந்ததும், பட்டினி கிடந்த ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் அவர்களது பணிக்காக 1919இல் ஊர் திரும்பினார். 1926இல் தாமே பள்ளி தொடங்கினார். ஏழே ஆண்டுகளில், அந்தப் பள்ளிக்கு இனி ஜெர்மனியில் வாழ்வில்லை என்று கண்டுகொண்டார்.

அந்த இலையுதிர் காலத்தில், பெற்றோரின் சம்மதத்தோடு சுமார் 65 பிள்ளைகள் மூன்று குழுக்களாக இங்கிலாந்துக்கு ரயிலேறினார்கள். யாருக்கும் சந்தேகம் எழக்கூடாது என்பதால், வழியனுப்ப வந்த பெற்றோர் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை.

கென்ட் மாவட்டத்தில் பன்ஸ் கோர்ட் என்ற பழைய மாளிகையில் பள்ளி மறுபடி தொடங்கியது. வேலைக்கு ஆள் வைக்கப் பணமில்லை. ஆசிரியர்களும் மாணவர்களுமாகத் தோட்டம் போட்டார்கள், கட்டடத்தைச் செப்பனிட்டார்கள், ஆங்கிலம் கற்றார்கள். பிள்ளைகளுக்கு அவர் தலைமையாசிரியை அல்லர். 'டான்டே அன்னா', அதாவது அன்னா அத்தை.

இரண்டாவது அலை 1938 டிசம்பரில் வந்தது. நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் வீடுகளும் வழிபாட்டிடங்களும் சூறையாடப்பட்டதைத் தொடர்ந்து, பெற்றோர் துணையின்றி வரும் பிள்ளைகளைப் பிரிட்டன் ஏற்றது. போர் மூளும் முன் ஏறக்குறைய 10,000 பேர் வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவர்களை டோவர்கோர்ட் கடற்கரையில் இருந்த கோடைகால விடுமுறை முகாமில், கொட்டும் குளிரில் தங்கவைத்தார்கள். வரவேற்பு ஏற்பாடுகளுக்கு அன்னாவை அழைத்தார்கள். அவர் சில ஆசிரியர்களையும் மூத்த மாணவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாமே அகதிகளாய் வந்திறங்கியவர்கள், இப்போது வந்தவர்களை வரவேற்றார்கள்.

அங்கே ஒரு காட்சி அவர்களை உலுக்கியது. வளர்க்க விரும்பியவர்கள் வந்து பிள்ளைகளைப் பார்வையிட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். சந்தையில் மாடு பிடிப்பது போன்ற அந்த வழக்கத்தில், தேர்வாகாத பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்? அன்னாவால் ஒரு சிலரைத்தான் தம் பள்ளிக்கு அழைத்துவர முடிந்தது. பெர்லின் அனாதை விடுதியிலிருந்து முதல் கப்பலில் வந்த லெஸ்லி பிரென்ட் அவர்களில் ஒருவர். உறுப்பு மாற்று மருத்துவத்துக்கு அடித்தளமிட்ட ஆய்வில் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவாரின் கூட்டாளி அவர். 1939இல், எட்டு வயதுகூட நிறையாமல் வந்து சேர்ந்த ஃபிராங்க் அவுர்பாக் உலகறிந்த ஓவியரானார். அவருடைய பெற்றோர் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள்.

1940இல் சோதனை அடைக்கலம் தந்த நாட்டிலிருந்தே வந்தது. ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக ஆண் ஆசிரியர்களையும் 16 வயது கடந்த மாணவர்களையும் 'எதிரி நாட்டவர்' என்று பிரிட்டிஷ் அரசு அடைத்துவைத்தது. கென்ட் ராணுவப் பாதுகாப்புப் பகுதியானதால் பள்ளி அவசர அவசரமாக ஷ்ராப்ஷயருக்கு இடம்பெயர்ந்தது. பிள்ளைகள் பலருக்கு அது இரண்டாவது இடப்பெயர்வு.

மூன்றாவது முறை கதவு திறந்தது 1945க்குப் பிறகு. இந்த முறை வந்தவர்கள் வதைமுகாம்களில் உயிர்பிழைத்த சிறுவர்கள். போலந்திலிருந்து வந்தவர்கள் வகுப்பறையைக் கண்டே ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாடம் புகட்டுவதற்கு முன் மனிதர்மேல் நம்பிக்கை வரவைக்க வேண்டியிருந்தது. அதற்கு நேரமும் பொறுமையும் பிரியமும் தர, ஏற்கெனவே வீட்டை இழந்து மீண்டவர்களே அந்தப் பள்ளியில் இருந்தார்கள். அகதிப் பிள்ளையை அரவணைக்கும் வித்தையை அந்தப் பள்ளி தன் சொந்த இழப்பிலிருந்தே கற்றிருந்தது.

1948இல் பள்ளி மூடப்பட்டது. அதற்குள் அன்னாவின் கைகளில் வளர்ந்தவர்கள் 900 பேருக்கு மேல். இங்கிலாந்தில் அந்தப் பள்ளி நடந்தது 15 ஆண்டுகள். மூடிய பின்னும் அதன் பழைய மாணவர்கள் 55 ஆண்டுகள் ஒன்றுகூடிக்கொண்டிருந்தார்கள்.