வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரு கவலியர்

மூன்று வருடங்களுக்கு முன்னர் அக்கா குடும்பம் கனடாவுக்குப் போனபோது எங்களிடம் இரண்டு அலுமாரிகளையும் ஒரு தையல் இயந்திரத்தையும் ஒரு நாயையும் விட்டுச் சென்றது. நாய்க்கு அப்போது நான்கு வயது. அக்காவின் பிள்ளைகள் வைத்த பெயர் கோகோ. அம்மா முதல் நாளிலிருந்தே ஜிம்மி என்றுதான் கூப்பிட்டார். என்ன இனம் என்று கேட்டார். "கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல்" என்றேன்.

"பேரிலயே கவலை இருக்கு. இதைக் காசு குடுத்தே வாங்கினவை?"

அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. பிள்ளைகள் வெளிநாடு போனபின் தனித்திருக்கும் பெற்றோருக்குத் துணையாக ஒரு சின்ன நாய் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இப்போது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறது. அப்படி யோசிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எப்படிப்பட்ட நாய்

வளர்ந்த கவலியர் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ எடையும் ஓர் அடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும் இருக்கும். தொங்கும் நீண்ட காது, பெரிய கண், பட்டுப்போன்ற மயிர். நிறங்கள் நான்கு வகை: வெள்ளையில் செம்பழுப்பு, கறுப்பு வெள்ளை பழுப்பு மூன்றும் கலந்தது, முழுச் சிவப்பு, கறுப்பில் பழுப்பு. பொதுவாக 9 முதல் 14 வருடங்கள் வாழும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு நாய் முற்றத்தில் படுக்கும், மீன்தலையும் சோறும் தின்னும், படலையில் யார் வந்தாலும் குரைக்கும். கவலியர் அப்படியல்ல. வீட்டுக்குக் காவல் இருக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். முன்பின் தெரியாதவருக்கும் வாலாட்டும். அதன் தொழிலே மனிதருக்கு அருகில் இருப்பதுதான். நாள் முழுதும் தனியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது.

போரில் சுருங்கிய இனம்

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் வளர்த்த சிறு ஸ்பானியல்களின் பெயர்தான் இதற்கும். பின்னாளில் தட்டை மூக்கு நாய்களுக்கு மவுசு கூடியதால் நீண்ட மூக்குள்ள பழைய வகை அருகிப்போனது. 1926இல் றொஸ்வெல் எல்ட்றிட்ஜ் என்ற அமெரிக்கர், பழைய ஓவியங்களில் உள்ளதைப் போன்ற நாயைக் கொண்டுவருபவருக்கு 25 பவுண் பரிசு என்று லண்டனின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் அறிவித்தார். 1928இல் இவ்வினத்துக்கென ஒரு சங்கம் உருவானது.

பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. மனிதருக்கே உணவு பங்கீட்டு அட்டையில் கிடைத்த காலம். 1940களில் ஒரு பண்ணையில் 60 ஆக இருந்த நாய்கள் 3 ஆகக் குறைந்தன. இன்றைய கவலியர்கள் போருக்குப் பின் எஞ்சிய மிகச் சில நாய்களின் வழிவந்தவை. இவ்வளவு சிறிய குடும்பத்துக்குள்ளேயே இனம் பெருகும்போது, ஒன்றின் உடலிலுள்ள குறை எல்லாவற்றுக்கும் பரவ வாய்ப்பு அதிகம்.

இதயமும் தலையும்

இவ்வினத்தின் பெரிய நோய் இதயத்தின் இடப்பக்க வால்வு தளர்ந்து இரத்தம் பின்னோக்கிக் கசிவது. ஐந்து வயதளவில் ஏறத்தாழ அரைவாசி நாய்களிலும், பத்து வயதளவில் அநேகமாக எல்லாவற்றிலும் இதன் அறிகுறியான முணுமுணுப்பு ஒலி கேட்கும். எங்கள் நாய்க்கு ஆறு வயதில் கேட்டது.

இதற்கு முழுச் சுகம் இல்லை. ஆனால் காலம் வாங்கலாம். இதயம் பெருத்தும் இன்னும் செயலிழக்காத நிலையில் பிமோபெண்டன் மருந்தைத் தொடங்கினால், செயலிழப்பு சராசரியாக 15 மாதங்கள் தள்ளிப்போவதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. எப்போது தொடங்குவது என்பதை எக்ஸ்ரே அல்லது ஸ்கான் பார்த்து மிருக வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாய் ஆழ்ந்து உறங்கும்போது நெஞ்சு உயர்ந்து தாழ்வதை ஒரு மூச்சாக, ஒரு நிமிடத்துக்கு எண்ணுங்கள். 30க்குக் கீழ் இருந்தால் நல்லது. தொடர்ந்து 30ஐத் தாண்டினால், இருமினால், மயங்கினால் அன்றே வைத்தியரிடம் போகவேண்டும்.

இன்னொரு நோய், மண்டையோடு மூளைக்குப் போதாமல் இருப்பதால் முள்ளந்தண்டில் நீர்ப்பைகள் உண்டாவது. கழுத்துப் பக்கம் காற்றிலே சொறிவது, தொட்டால் கத்துவது இதன் அடையாளங்கள். கழுத்துப் பட்டிக்குப் பதில் மார்புப் பட்டி போடுங்கள்.

எங்கள் போர்நிறுத்தத்துக்கு நடுவராக வந்த நோர்வேயில் இது நீதிமன்றம் வரை போனது. கவலியர்களை இப்போதுள்ளபடி இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்று 2022 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. ஆகவே குட்டி வாங்குபவர்கள் விலையைக் கேட்பதற்கு முன், தாய் தந்தை இரண்டுக்கும் இரண்டரை வயதுக்குப் பிறகு இதயச் சோதனை செய்த பத்திரத்தைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

கொழும்பு வாழ்க்கை

இந்த மயிரும் மூக்கும் கொழும்பின் புழுக்கத்துக்கு ஏற்றவை அல்ல. மரைன் டிரைவில் காலை ஆறரைக்கு முன்னும் மாலை வெயில் தாழ்ந்த பின்னும் நடக்கலாம். தார் வீதியில் புறங்கையை ஐந்து வினாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. குளிப்பாட்டினால் காதின் உட்புறத்தைத் துடைத்து உலர்த்துங்கள், இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும். நடந்துவந்ததும் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணம்.

வெங்காயம், உள்ளி, திராட்சை, சொக்லேட், அவித்த கோழி எலும்பு ஆகியவை கூடாது. சம்பலும் கறிக்குழம்பும் கலந்த மிச்சச் சோற்றில் வெங்காயம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். எடை கூடினால் இதயத்துக்குப் பாரம். 2022 நெருக்கடியில் இறக்குமதித் தீன் விலையேறியபோது நாங்கள் வைத்தியரைக் கேட்டு உப்பில்லாமல் அவித்த கோழி, சோறு, பூசணிக்கு மாறினோம்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி வருடாவருடம் போடவேண்டும். வீட்டு நாயானாலும் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நாயை உள்ளூராட்சி சபையில் பதிவதும் சட்டம். 1901ஆம் ஆண்டிலிருந்தே அதற்கு ஒரு கட்டளைச்சட்டம் இருக்கிறது. போர்க்காலத்தில் இந்தத் தெருக்களில் இருந்தவர்களுக்குப் பதிவு என்றால் பொலிஸ் பதிவு. அம்மா அந்தப் பழைய துண்டுகளை இன்னும் எறியவில்லை. நாயின் பத்திரமும் அதே கோப்பில்தான் இருக்கிறது.

வெடிச்சத்தம்

சித்திரைப் புத்தாண்டு, டிசம்பர் 31, கிரிக்கெட் வெற்றி, கொட்டாஞ்சேனையில் கோயில் திருவிழாவும் தேவாலயப் பெருநாளும்: வெடிக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். முன்கூட்டியே யன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள். மின்விசிறியையும் வானொலியையும் போடுங்கள். ஒளிந்துகொள்ள ஓர் இருட்டு மூலை கொடுங்கள், வெளியே இழுக்காதீர்கள். மிகவும் நடுங்கினால் வைத்தியர் முன்னரே மருந்து தருவார். எங்கள் வீட்டில் முதல் வெடிக்கே அம்மாவும் நடுங்குவார். இருவரும் உள் அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருப்பார்கள்.

யார் இருப்பார்கள்?

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எனக்கு ஆறு வயது. முதல் ஜிம்மியின் கயிற்றை அம்மா அவிழ்த்துவிட்டார். நாவற்குழிப் பாலத்து நெரிசல் வரை அது பின்னால் வந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டில் நாய் வளர்த்ததில்லை.

வெள்ளவத்தை, போவதற்காகக் காத்திருப்பவர்களின் ஊர். விசா வந்தால் நாயை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாதவர்கள் கவலியரை வாங்கவேண்டாம். துணைதான் தேவையென்றால், காப்பகங்களில் தடுப்பூசி போட்ட நம்மூர் நாய்கள் காத்திருக்கின்றன. இந்த வெயிலுக்குப் பழகிய உடல், இந்த இதயநோய்ப் பரம்பரையும் கிடையாது. ஆனால் அந்தக் கேள்வி அவற்றுக்கும் பொருந்தும்.

அம்மாவை அழைக்க அக்கா அனுப்பிய விண்ணப்பப் படிவங்களும் அந்தக் கோப்பில்தான் இருக்கின்றன. அம்மா இன்னும் கையொப்பமிடவில்லை. இரவில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜிம்மியின் மூச்சை எண்ணி நாட்காட்டியில் குறிக்கிறார். நேற்று 26.